கூரை திறக்கும் கார் வாங்கலாமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு 53 வயது. செங்கோட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக வேகன்ஆர் ஓட்டுகிறேன். மகன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நான், கணவர், 78 வயது மாமியார். கொல்லத்தில் தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 2017 மாடல் மினி கூப்பர் எஸ் கன்வெர்ட்டிபிளை 23 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கூரையைத் திறந்துவிட்டு ஆரியங்காவு வழியாகப் போக வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்தக் காசுக்குப் பெரிய சன்ரூஃப் வைத்த வண்டி புதிதாகவே கிடைக்கும் என்கிறார் கணவர். மகன் போனில் சிரிக்கிறான். வேகன்ஆரை விற்றுவிட்டு இதை வாங்கலாமா? நம் ஊர் மழைக்குத் துணிக் கூரை தாங்குமா?
— ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

மகன் சிரித்தால் சிரிக்கட்டும். 53 வயதில் அவனும் ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்படுவான், அப்போது நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விலை, மாடல், ஓடிய தூரம், மாமியாரின் வயது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதவில்லை.

ஷார்ஜாவில் ஒன்பது வருடம், தென்காசியில் இருபது வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். துணிக் கூரை வண்டிகள் அங்கே நிறைய வரும். இங்கே வந்தவை எண்ணி ஏழெட்டு. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, இந்த வகை வண்டி ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி.

கூரை மடிந்து உட்காரும் இடத்தைச் சுற்றி ஓரத்தில் சின்ன வாய்க்கால் மாதிரி இருக்கும். துணியில் வழிகிற மழைத் தண்ணீர் அதில் இறங்கி, விரல் கனத்துக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விடும். வெளிநாட்டில் அந்தக் குழாயில் என்ன விழுமோ தெரியாது, நம் ஊரில் புளிய இலை விழும். மாவிலையோ வேப்பிலையோ என்றால் மேலேயே தங்கிவிடும், கையால் எடுத்துப் போடலாம். புளிய இலை அப்படியில்லை, பொடிப் பொடியாக உள்ளே இறங்கி, நனைந்து, களி மாதிரி உறைந்துவிடும். நாலைந்து வருடம் முன்பு ஒரு டாக்டரின் வண்டி என்னிடம் வந்தது. "உள்ளே ஏதோ வாடை அடிக்கிறது, ஏசி கேஸ் கசிகிறதா பாருங்கள்" என்றார். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். சீட்டுக்குக் கீழே இருந்த எலக்ட்ரானிக் பெட்டியின் முனைகளெல்லாம் பச்சை பூத்துவிட்டன. ஆடி மாதம் முழுக்கப் புளிய மரத்தடியில் நின்ற வண்டி அது. பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அடைப்பை எடுக்க எனக்கு ஆன செலவு, ஒரு பழைய சைக்கிள் பிரேக் கம்பி.

அதனால் மழைக்குத் தாங்குமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், மூடியிருந்தால் தாங்கும். பெயர்தான் துணி. மேலே அடர்த்தியாக நெய்த துணி, உள்ளே ஒரு லைனிங், நடுவில் ரப்பர் அடுக்கு. சாதாரண மழை சொட்டுக்கூட உள்ளே வராது. நனைந்த கூரையை மடித்து வைப்பதுதான் தப்பு. நனைந்த குடையை மடக்கி மூலையில் போட்டு மூன்றாம் நாள் விரித்தால் என்ன வாசம் வரும்? அதேதான், இதில் வாசத்தோடு கரும்புள்ளியும் விழும். ஒரு தடவை விழுந்தால் முழுக்கப் போகாது.

இதிலே நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து நம் பக்கம் வந்துவிட்டது. மழைக் கணக்கில் இன்னும் பாதி அந்தப் பக்கம்தான். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலை இடைவெளி வழியாகச் சாரலைத் தள்ளிக்கொண்டு வரும். பெய்கிறதா இல்லையா என்று தெரியாத சாரல். வெயில் இருக்கும்போதே முகத்தில் படும். வானம் இருட்டினால் கூரையை மூடலாம். நம் சாரல் இருட்டிவிட்டு வருவதில்லையே. இந்த மினியில் கூரை மூட 18 விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடிக்கொண்டே மூடலாம். புளியரை எஸ் வளைவில் பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது அதை முயற்சி செய்ய வேண்டாம், ஓரமாக நிறுத்தி மூடுங்கள்.

குரங்கை மறந்துவிட்டேன். குற்றாலத்திலும் ஆரியங்காவிலும் நின்ற இடத்தில் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே போதும், மேலே ஏறிவிடும். தகரக் கூரையில் குரங்கு உட்கார்ந்தால் கீறல் விழும், பாலீஷ் போட்டால் போய்விடும். துணிக் கூரையை நகத்தால் இழுத்தால் நூல் பிரிந்து வரும். அதற்குப் பாலீஷ் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். உள்ளே வாழைப்பழம், பிஸ்கட் என்று எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். கைப்பையையும்தான். திருடனுக்கு இந்தக் கூரையைக் கிழிக்க ஒரு பிளேடு போதும்.

இவ்வளவும் படித்துவிட்டு அண்ணாச்சி வேண்டாம் என்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வண்டியின் சுகம் எனக்கும் தெரியும். ரிப்பேர் பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் ஒரு தை மாதக் காலையில் கூரையைத் திறந்துவிட்டு மலைப் பக்கம் போனேன். மாநில எல்லையான கோட்டைவாசல் வரைக்கும் காய்ந்த காற்று. அதைத் தாண்டியதும் யாரோ குளிர்ந்த ஈரத் துண்டை முகத்தில் போட்ட மாதிரி இருந்தது. அந்த இடத்தை ஆயிரம் தடவை ஏசி வண்டியில் கடந்திருக்கிறேன், ஒரு நாளும் தெரிந்ததில்லை. அப்புறம் தேக்கு மர வாசம், ரப்பர் ஷீட் காயப் போட்ட வீடுகளின் புளித்த வாடை, கழுதுருட்டி பக்கம் பதின்மூன்று கண் பாலத்தை ஒட்டிப் போகும்போது உயரத்தில் ரயில். 1904இல் ஓட ஆரம்பித்த பாதையின் பாலம் அது. கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பாதிதான் தெரியும், திறந்த வண்டியில் தலையை நிமிர்த்தினால் போதும்.

உங்கள் கணவர் சொல்கிற சன்ரூஃபுக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்டால், அது வீட்டுக்குள் உட்கார்ந்து கூரைக் கண்ணாடி வழியாக நிலாவைப் பார்ப்பது, இது திண்ணையில் உட்கார்வது. ஆனால் திண்ணையில் கொசுவும் உண்டு. கேரளாவுக்கு ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் அந்த ரோட்டில் எப்படி ஓடுகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாய் சரியாகக் கட்டாத ஒன்றின் பின்னால் மாட்டினால் தலை, சீட், டேஷ்போர்டு எல்லாம் வெள்ளையாகிவிடும். கூரை மூடியிருக்கும்போதோ வேறு தொல்லை. பின் கண்ணாடி சின்னது, பின் மூலைகள் இரண்டும் மறைந்துவிடும். லேன் மாற்றும்போது பக்கத்தில் பைக் வருவது தெரியாது. வேகன்ஆரின் பெரிய கண்ணாடிகளில் பழகியவருக்கு இது முதல் மாதம் எரிச்சலாக இருக்கும்.

சின்ன வண்டியாகத் தேர்ந்தெடுத்தது நல்லதுதான். திறந்த வண்டியின் சுகம் 40, 50 வேகத்தில்தான் இருக்கிறது. எண்பதைத் தாண்டினால் காற்று காதில் அறையும், பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூட முடியாது. நம் மலைப் பாதையில் அதற்கு மேல் போகவும் முடியாது, அதனால் பொருத்தம். 192 குதிரைத் திறன் இன்ஜின் அந்த வேகத்துக்கு அதிகப்படி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது ஒரு கணக்கு. 2009இல் வந்த மினி கன்வெர்ட்டிபிளில், கூரை திறந்து ஓடிய நேரத்தைக் காட்டவே தனியாக ஒரு மீட்டர் வைத்தார்கள். அதை விளையாட்டு என்று நினைத்தேன், பிறகுதான் உண்மையான மீட்டர் அதுதான் என்று புரிந்தது. உங்களுக்கு அது எவ்வளவு ஓடும்? பங்குனி முதல் வைகாசி வரை காலை எட்டு மணிக்கு மேல் திறந்தால் மண்டை வெடிக்கும். ஆனி, ஆடி சாரல். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழை. மார்கழிப் பாதியிலிருந்து மாசி முடியும்வரை பொன்னான காலம். மற்ற மாதங்களில் அங்கங்கே ஒரு காலை, ஒரு மாலை. வீட்டிலிருந்து கடைக்குப் போகிற ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 50 மணி நேரம் வரலாம். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், எதிர்பாராத செலவு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கச் சொல்வேன். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 3,000 ரூபாய். வண்டி விலை குறைவது இதில் சேரவில்லை. இந்த எண்ணைப் பார்த்ததும் உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். என் மனைவியிடம் கேட்டேன், "அதற்குப் பாபநாசம் போய்விட்டு வரலாம்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் விஷயம். இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி, குனிந்து, பின்னால் ஏற வேண்டும். பின் சீட்டின் முதுகு நேராக நிற்கும், கால் நீட்ட இடமில்லை. கூரை திறந்திருந்தால் காற்று முழுக்கப் பின்னால் உட்காருபவர் தலையில்தான் அடிக்கும். காற்றைத் தடுக்க ஒரு வலை வரும், ஆனால் அதைப் பின் சீட்டுக்கு மேலேதான் மாட்ட முடியும். ஆள் உட்கார்ந்தால் வலை இல்லை. டிக்கி கூரை மூடினால் 215 லிட்டர், திறந்தால் 160. கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேர் பெட்டி, தாம்பாளத்தோடு போவது நடக்காது.

அதனால் வேகன்ஆரை விற்கவே விற்காதீர்கள். விற்றால்தான் இதை வாங்க முடியும் என்ற நிலை இருந்தால், இந்த வண்டி உங்களுக்கு இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மாமியாருக்கு ஒரு ஜன்னல் சீட், உங்களுக்குத் திறந்த வானம் என்று ஒரே வண்டியில் பார்த்தால், 2020இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பில் துணிக் கூரை வகை இருந்தது. பழையது கிடைக்கும். நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வண்டி. ஆனால் அதில் ஏறுவதும் மாமியாருக்குக் கஷ்டம், கூரையைக் கையால்தான் கழற்ற வேண்டும், உங்கள் ஆசையும் அது இல்லை என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஃபைபர் உடம்பும் ரெனோ இன்ஜினும் வைத்து ஒரு குட்டி இரண்டு சீட் வண்டி செய்தார்கள். அது நிலைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு இன்று மலிவான பதில் ஒன்று இருந்திருக்கும். இல்லை, விடுங்கள்.

சரி, வேகன்ஆரும் இருக்கும், ஷெட்டும் இருக்கிறது என்றால் கொல்லம் போய் வண்டியைப் பாருங்கள். முதல் வேலை, கூரையை மூடி நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவரை ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். சும்மா தெளிப்பது போதாது, கண்ணாடியும் துணியும் சேரும் இடங்களில் நின்று அடிக்க வேண்டும். பிறகு கார்ப்பெட்டின் கீழ் கை விடுங்கள், டிக்கி மேட்டையும் தூக்கிப் பாருங்கள். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அடுத்தது, இன்ஜினை ஓட விட்டுக் கூரையை மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சமமாக இறங்க வேண்டும், நடுவில் திக்கக் கூடாது. மடிப்பு விழும் இடங்களில் துணி வெளுத்திருக்கிறதா, பின் கண்ணாடி துணியோடு ஒட்டியிருக்கும் விளிம்பு எங்காவது பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாவில் எத்தனையோ வண்டிகள் முங்கின. சுத்தம் செய்து விற்றவையும் அதில் உண்டு. இது 2017 மாடல் என்பதால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும்.

மேடு பள்ள ரோட்டில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். முன் கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்குவது தெரியும். கூரை என்பது வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி, அதை எடுத்துவிட்டு அடியில் இரும்பு கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். சாதாரண மினியைவிட இது நூறு கிலோவுக்கு மேல் கனம் என்பது அதனால்தான். லேசான நடுக்கம் இயல்பு. கதவு இடுக்கில் கடகடவென்று சத்தம் வந்தால் எங்கேயோ அடிபட்ட வண்டி. ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், ஆரியங்காவிலிருந்து வீடு வந்துவிடலாம். ஆனால் அந்த அளவு டயர் தென்காசிக் கடைகளில் தயாராக இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

காகிதம் கேரளாப் பதிவு. ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டுவதானால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அவருடைய ஆர்டிஓவிடமிருந்து தடையின்மைச் சான்று, கடன் இருந்திருந்தால் பேங்க் தரும் விடுவிப்புக் கடிதம், வண்டி புதிதாக வாங்கிய பில், மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே கையில் வாங்குங்கள். இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியை ஆர்டிஓ ஆபீஸில் முன்கூட்டியே கேட்டு, 23 லட்சத்தோடு கூட்டிப் பாருங்கள். புதுச்சேரி எண் வண்டி என்று யாராவது மலிவாகக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். வரியை மிச்சம் பிடிக்கப் பொய் விலாசத்தில் புதுச்சேரியில் பதிவு செய்த ஆடம்பரக் கார்களால் கேரளாவில் 2017இல் நடிகர்கள் வரை கேஸில் மாட்டினார்கள். இன்சூரன்ஸில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஐம்பது சதவீதம் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். துணிக் கூரையை எதில் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள்.

வாங்கிவிட்டால், வாட்டர் வாஷ் கடையில் விடாதீர்கள். அங்கே பிரஷர் பைப்பைத் துணிக்கு அரை அடியில் பிடிப்பார்கள், அடியில் டீசல் அடிப்பார்கள். ரப்பருக்கு டீசல் விஷம். வீட்டிலேயே மென்மையான பிரஷ், வெறும் தண்ணீர் போதும். மாதம் ஒரு தடவை அந்த வாய்க்காலைத் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடியில் வருகிறதா என்று பாருங்கள். வாரக் கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும், அதனால் சாரல் மாதங்களிலும் வாரம் ஒரு நாள் கூரையை மூடியபடி கடைக்கு ஓட்டிப் போங்கள்.

முதலில் ஷெட். ஓலைக் கொட்டகை வேண்டாம், எலி கூடு கட்டும். மூன்று பக்கச் சுவரும் ஷட்டரும் வைத்துக் கட்டுங்கள், கொஞ்சம் காற்று வர மேலே இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குக் குரங்கு நுழையாதபடி கம்பி வலை. புளிய மரம் பக்கத்தில் இருந்தால் மரத்தை வெட்டாதீர்கள், ஷெட்டைத் தள்ளிப் போடுங்கள். கொல்லம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.